தெரிந்தும் குனிந்தவர்

தையல் ஆலையின் பின்வாசலில் ஒரு தகரத் தடுப்பு. அதற்குள் ஒரு மேசை, ஒரு டியூப்லைட். வேலை முடிந்து வெளியேறும் பெண்கள் ஒவ்வொருவரும் அதற்குள் நுழைந்து, பையைத் திறந்து காட்டி, கைகளை விரித்து நின்ற பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். பதினாறு வருடமாக அவர்களைச் சோதித்து அனுப்பியவளுக்கு ஆலைக்குள் ஒரே பெயர்தான். ஸ்கேனர் அக்கா.

சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில் திருடிய ஜிப் வைத்திருப்பார்கள், கொண்டைக்குள் பொத்தான், குடை மடிப்பில் லேஸ். எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "சிரிச்சுக்கிட்டு வர்றவள ஒரு தடவ பாரு, அழுதுகிட்டு வர்றவள ரெண்டு தடவ பாரு" என்று புதிதாகச் சேர்ந்த சோதனைக்காரியிடம் சொல்லிக் கொடுத்தவள். "என் கனவுலகூட அந்த அக்கா வந்து பையத் திறந்து பாக்குது" என்று தையல்காரி ஒருத்தி சொல்லிச் சிரிப்பாள். அது காதில் விழுந்தபோது ஸ்கேனர் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. கனவில் என்ன வைத்திருந்தாள் என்றுதான் யோசித்தாள்.

வீட்டிலும் அதே கண்தான். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னால் இன்னொரு டாக்டரிடம் போவாள். பக்கத்து வீட்டுக்காரி பலகாரம் கொடுத்தனுப்பினால், என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறதோ என்று தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளுடைய கணவர் ஒரு திங்கட்கிழமை சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார்.

அவர் லாரி பட்டறையில் மெக்கானிக். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் தட்டை இருந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடைகூட நகர்த்தியவர் இல்லை. குழம்பில் உப்பு குறைந்தால் வீடே அதிரும். அந்த மனுஷன் தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனார். அந்த வாரமே முட்டிவலி என்று அவள் முனகியபோது வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தார். உப்பு குறைந்த அன்றும் சத்தமில்லாமல் சாப்பிட்டார்.

அவள் தன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"ஆம்பள திடீர்னு நல்லவனாயிட்டா என்னடி அர்த்தம்? எவளோ ஒருத்தி இருக்கா. குத்தம் உறுத்துது, அதான் உன்ன தாங்குறாரு" என்றாள் அக்கா.

"நானும் அதான் நெனச்சேன்."

"பாத்துக்கோ. கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாரு. ஊருக்கே சோதனை போடுறவ, உன் வீட்ட விட்டுட்டியே!"

அன்றிலிருந்து அவள் வேவு பார்த்தாள். சனிக்கிழமை மதியம் பட்டறை மூடியதும் வீட்டுக்கு வர வேண்டியவர் மூன்று மணி நேரம் கழித்து வந்தார். பட்டறையில் வேலை இருந்தது என்றார். பையில் ஒரு மாற்றுச் சட்டை மடித்திருந்தது. சட்டையில் கிருமிநாசினி சோப்பு வாசனை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய நகங்கள். வருடக்கணக்காகக் கிரீஸ் ஊறிக் கறுத்துக் கிடந்த நகங்கள், ஒட்ட வெட்டித் தேய்த்துச் சுத்தமாக இருந்தன. யாருக்காக இந்தச் சுத்தம் என்று அவளுக்குள் எரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, பட்டறைக்கு எதிரே இருந்த மருந்துக்கடை ஓரம் நின்றாள். அவர் கிளம்பினார். அவர் ஏறிய பஸ்ஸின் பின்வாசலில் அவளும் ஏறினாள். அவர் இறங்கிய இடத்தில் இறங்கினாள். பெரிய ஆஸ்பத்திரியின் பின்புறச் சந்தில், ஓடு வேய்ந்த நீளமான ஒரு கட்டடத்துக்குள் அவர் போனார். ஐந்து நிமிடம் பொறுத்து, திறந்திருந்த ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

வரிசையாகப் பன்னிரண்டு கட்டில்கள். யாருமில்லாமல் படுக்கையில் கிடப்பவர்கள். அவளுடைய கணவர் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு கிழவரின் காலை மடியில் வைத்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலில் சீழ் வடிந்தது. கிழவர் வலியில் வாய்க்கு வந்தபடி ஏசினார். கணவர், "இதோ ஆச்சுங்கய்யா, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே துடைத்தார்.

ஒரு பெண்ணைக் கண்டிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் வெளியே வரும்வரை சந்தில் நின்றாள்.

"நீயா? இங்க எப்படி?" என்று திடுக்கிட்டார் அவர்.

"அத நான் கேக்கணும். யாரு அந்தக் கெழவரு? எதுக்கு எங்கிட்ட மறைச்சீங்க?"

"யாருன்னு எனக்கும் தெரியாது. சொன்னா நீ நம்ப மாட்டே. அதான் சொல்லல."

"இப்ப சொல்லுங்க, பாப்போம்."

பஸ் வரும்வரை சொன்னார். பட்டறையில் கூட வேலை பார்த்த, லாரிக்கு ஒடுக்கு எடுக்கிற டிங்கர் பக்கவாதத்தில் விழுந்து இங்கே சேர்க்கப்பட்டிருந்தான். கடமைக்குப் பார்க்க வந்தவர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர் அந்த டிங்கரை மலத்திலிருந்து தூக்கிக் கழுவுவதைப் பார்த்தார். கூடவே நின்ற தனக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத்தான் தோன்றியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எப்படி இதைச் செய்கிறீர்கள் என்று ஆம்புலன்ஸ்காரரிடம் கேட்டார். இயேசு எனக்கு இப்படித்தான் செய்தார் என்று பதில் வந்தது.

"அடுத்த வாரம் நானே தண்ணி பேசனைத் தூக்கினேன். என் பக்கத்துல இன்னொருத்தர் முட்டி போட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. அன்னைக்கே மனசுல முடிவு பண்ணிட்டேன். இனிமே நான் அவரு ஆளு."

"செத்துப்போன ஒருத்தருக்காக இவ்வளவா?"

"செத்தவருக்காக இதெல்லாம் என்னால முடியாதும்மா. என்னைத் தெரியாதா உனக்கு? அவரு உயிரோட இருக்காரு. அதனாலதான் முடியுது."

அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கணவர் மேலிருந்த சந்தேகம் அங்கே சேவை செய்கிற கூட்டத்தின் மேல் திரும்பியது. வெள்ளந்தி மனுஷனை எவனோ மடக்கிப் போட்டிருக்கிறான், இந்தச் சேவைக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று தீர்மானித்தாள். மறு சனிக்கிழமை தானும் வருகிறேன் என்றாள். அவர் சந்தோஷப்பட்டார். அவள் சோதனை போடத்தான் போனாள்.

நோயாளிகள் கிடந்த அந்த விடுதியின் பொறுப்பாளரான நர்ஸ் அம்மாவிடம், அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னாள். நர்ஸ் அம்மா எதுவும் கேட்காமல் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டார். போர்வைகள், பஞ்சு, காலாவதியாகாத மருந்துகள். குப்பைக் கூடையைக்கூடக் கிளறினாள். ஒன்றும் சிக்கவில்லை. ஒன்றும் சிக்காத பைதான் அவளுக்கு எப்போதும் அதிகச் சந்தேகம் தரும்.

வேலை தொடங்கும் முன் ஆறேழு பேர் மருந்து அறையில் ஜெபத்துக்குக் கூடுவது வழக்கம். அவள் கதவோரம் நின்றாள். அன்று ஆம்புலன்ஸ்காரர்தான் பேசினார். கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுகிறவர்.

"தன்னைப் பிடிச்சுட்டுப் போகப் போறாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கு, சாப்பாட்டுக்கு நடுவுல இயேசு எழுந்திருச்சாரு. இடுப்புல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு, கூட இருந்தவங்க காலையெல்லாம் கழுவிவிட்டாரு."

"எல்லார் காலையுமா?" என்று கதவோரத்திலிருந்து கேட்டாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"எல்லார் காலையும்தாங்க்கா."

"அவரைக் காட்டிக் கொடுத்தானே ஒருத்தன்?"

"அவனும் அங்கதான் உக்காந்திருந்தான்."

"அவன் என்ன பண்ணப் போறான்னு இவருக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா கழுவினாரு?"

"தெரிஞ்சேதான்."

அவள் விடவில்லை. "சரி, உயிரோட எழுந்தாருங்கிறீங்களே. யாரு பாத்தா?"

"மொதல்ல பாத்தது பொம்பளைங்க. அவங்க சொன்னத, கூட இருந்த ஆம்பளைங்களே நம்பல. ஏதோ உளறுறாங்கன்னுட்டாங்க."

அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தொழிலில் கேட்காத பொய் இல்லை. பொய்யை ஜோடிக்கிறவர்கள் கேட்பவர் நம்புகிறபடி ஜோடிப்பார்கள். யாரும் நம்பாத சாட்சியை முதலில் கொண்டுவந்து நிறுத்த மாட்டார்கள். அதுவும் தங்களையே முட்டாளாகக் காட்டுகிற மாதிரி. இந்தப் பையில் ஏதோ உண்மை இருக்கிறது என்று அவளுடைய விரல்களுக்குத் தோன்றியது.

ஆனால் அவளை வாட்டியது அதுவல்ல. தெரிஞ்சேதான் என்ற அந்த ஒரு சொல். அவள் வாழ்க்கை முழுவதும், ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்வதே அவரிடமிருந்து தள்ளி நிற்கத்தான். உள்ளே இருப்பது அத்தனையும் தெரிந்த ஒருவர், காலடியில் போய் உட்காருவாரா?

அந்த வாரம் முழுக்க ஒரு முகம் அவளைத் துரத்தியது. சட்டையில் பொத்தான் துளை தைக்கும் காஜா மெஷினில் இருந்த பெண் அவள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாலை, நடையில் ஏதோ வித்தியாசம் தெரிகிறதென்று ஸ்கேனர் அக்கா அவளை நிறுத்தினாள். அவள் கெஞ்சினாள். கெஞ்சியதால் சந்தேகம் கூடியது. தடுப்பின் திரைச்சீலை அன்று கிழிந்து கிடந்தது. ஐம்பது பேர் வரிசையில் நிற்க, பாவாடையைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். உள்ளே இருந்தது கழிவுத் துணித் துண்டுகள். உதிரம் நிற்காத நாளில் வேறு வழியில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டது. கழிவுத் துணியும் கம்பெனிப் பொருள்தான் என்று ரிப்போர்ட் எழுதினாள். காஜாக்காரி அடுத்த நாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. கம்பெனி விதிப்படி நடந்தேன் என்று ஸ்கேனர் அக்கா தனக்குச் சொல்லிக்கொண்டாள். இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை, ஏசுகிற அந்தக் கிழவரின் காலைத் துடைக்கக் கணவருக்கு முன்பாக அவளே உட்கார்ந்தாள். பிறகு பேசனைக் கழுவக் குழாயடிக்குப் போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். ஜெபம் செய்யத் தெரியாது. ஆளை விசாரிக்கிற மாதிரிதான் பேச வந்தது.

"நீங்க உயிரோட இருக்கிறது நெசம்னா, என்னைப் பத்தி உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணுக்கு நான் பண்ணதும் தெரியும். தெரிஞ்சும் எங்கிட்ட வருவீங்களா? வந்தா, நான் உங்களுக்கு வேலை செய்யறேன். சாகுறவரைக்கும் செய்யறேன்."

குரலும் கேட்கவில்லை, வெளிச்சமும் தெரியவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பல வருடமாக அவளுக்குள் எழுந்து நின்று காவல் காத்த ஒன்று மெல்ல உட்கார்ந்தது. தான் முழுசாகப் பார்க்கப்பட்டுவிட்டோம் என்று தெரிந்தது. பார்த்தவர் போகவில்லை என்பதும் தெரிந்தது. அழுதாள். காஜாக்காரியிடம் போக வேண்டும் என்பதும் அப்போதே, ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது.

விலாசம் கண்டுபிடித்துப் போனாள். காஜாக்காரி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"என்ன வேணும்? இன்னும் எதைப் பாக்கணும் உனக்கு?"

"மன்னிப்பு கேக்க வந்தேன்மா. நான் செஞ்சது தப்பு. கம்பெனி விதின்னு சொல்லிக்கிட்டேன். பாவம்தான் அது."

"யாரு அனுப்பினா? கம்பெனியா? எதுலயாவது கையெழுத்து வேணுமா?"

"யாரும் அனுப்பல."

காஜாக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஸ்கேனர் அக்கா தினமும் மற்றவர்களைப் பார்க்கிற அதே பார்வை. தன் மேல் அது விழும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அம்பது பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டு, என் வீட்டு வாசல்ல வந்து ரகசியமா மன்னிப்பா? போயிடு" என்று கதவைச் சாத்தினாள்.

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. மறுநாள் மாலை சங்கு ஊதி வரிசை நின்றதும், ஸ்கேனர் அக்கா தடுப்புக்கு வெளியே வந்தாள். காஜா மெஷினில் இருந்த பெண் திருடி இல்லை, அவளுக்கு நடந்தது அநியாயம், அதைச் செய்தவள் நான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "எலெக்‌ஷன்ல நிக்கப் போகுதோ?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். செக்யூரிட்டி ஆபீசர் கூப்பிட்டு மெமோ கொடுத்தார். கம்பெனி பெயரைக் கெடுக்க எவன் தூண்டிவிட்டான் என்று கேட்டார். இயேசு என்றாள். அவன் எந்த செக்ஷனில் வேலை பார்க்கிறான் என்று கேட்டார் அவர்.

வேலை போகவில்லை. கெட்டித் திரையும் ஒரு நாற்காலியும் கேட்டு, விடாமல் நச்சரித்து வாங்கினாள். கழிவறையில் நாப்கின் பொட்டலம் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அதையும் நடத்திக் காட்டினாள். இன்னும் சோதனை போடுகிறாள். இன்னும் பிடிக்கிறாள். ஆனால் பிடிபட்டவளைத் தனியே உட்கார வைத்து, ஏன் எடுத்தாய் என்று கேட்கிறாள். ஏழு மாதம் கழித்து ஞானஸ்நானம் எடுத்தபோது, தொட்டித் தண்ணீரை எப்போது மாற்றினீர்கள் என்று போதகரை மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் இறங்கினாளாம். கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

காஜாக்காரி மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது.

"கம்பெனி வாசல்ல நீ பேசினத அங்க இருக்கிறவங்க சொன்னாங்க. எதுக்கு அப்படிப் பண்ணே?"

இயேசுவைப் பற்றியும் குழாயடியில் நடந்ததையும் ஸ்கேனர் அக்கா சொன்னாள்.

"நீ சொல்றத நான் நம்பல."

"நம்ப வேணாம்மா. விசாரிச்சுப் பாரு."

"எங்க போய் விசாரிக்கிறது?"

அவள் ஆஸ்பத்திரிச் சந்துக்குப் போகிற பஸ் நம்பரைச் சொன்னாள்.