மாமாவின் இரண்டாவது ஆல்பம்

மாமாவின் முதல் ஆல்பம் வந்தபோது எனக்கு அதைப் புரிந்துகொள்ளும் வயதில்லை. இரண்டாவதற்காகக் காத்திருந்தபோது, எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் வயது வந்திருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். நான்கு பேர் கொண்ட ராக் பேண்டில் கிதார் வாசித்துப் பாடினார். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் தாங்களே எழுதி, தாங்களே வெளியிடுகிற கூட்டம். அதற்கு இண்டி என்று பெயர் என்று என் வகுப்பு முழுவதற்கும் நான் விளக்கியிருந்தேன். முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் எங்கே விழும், கிதார் எங்கே அலறும் என்று பெஞ்சில் தட்டிக் காட்டுவேன். கல்லூரிப் பையன்கள் சிலர் எங்கள் தெருவுக்கே தேடி வந்து வாசல் கேட் அருகே நின்று, அடுத்த ஆல்பம் எப்போது என்று கேட்பார்கள். வரும் என்பார் மாமா. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் வருஷக்கணக்கில் காத்திருந்தேன்.

அம்மாவுக்கு ராக் பிடிக்காது. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பாள்; ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுவாள். தாத்தாவும் பாட்டியும் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தவள் அவள்தான். மாடியிலிருந்து வரும் சத்தத்தைப் பற்றித் தெருவில் யாராவது குறை சொன்னால், அவர்கள் வாசலுக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவாள்.

ஒருநாள் சாப்பிடும்போது மாமா, புது ஆல்பத்தில் தமிழில் ஒரு பாட்டு வைக்கப்போவதாகச் சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது, கரண்ட் போனால் பயப்படாமலிருக்க என் அம்மா தானே கட்டிப் பாடிய மெட்டு அது. அதை அம்மாவே பாட வேண்டும் என்றார். வேறு யாரையாவது பார், எனக்கு வேலை இருக்கிறது என்று அம்மா மறுத்தாள்.

"நீ பாடினாதான்க்கா அது பாட்டு. வேற யாரு பாடினாலும் வெறும் டியூன்," என்றார் மாமா.

அம்மா எழுந்து போய் அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு எடுத்துவந்து ஊற்றினாள். சம்மதித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்டூடியோவுக்கு நானும் போனேன். அம்மா ஈஸ்டருக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். புடவை சரசரப்பதுகூட மைக்கில் விழும் என்று சவுண்ட் இன்ஜினியர் சொன்னதால், அசையாமல் நின்று பாடினாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாமா கண்களை மூடிக்கொண்டு கேட்டார். பாடி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஆல்பம் வெளியாகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா கொயர் முழுவதையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். பாஸ்டரம்மா வந்திருந்தார். பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டி வந்திருந்தார். மட்டன் பிரியாணி செய்திருந்தாள். நான் பெரிய ஸ்பீக்கரை ஹாலின் நடுவில் வைத்து போனை இணைத்தேன்.

முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. டிரம்ஸ் இல்லை, கம்ப்யூட்டரில் செய்த ஏதோ ஒரு டொக் டொக். கிதார் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. இரண்டாவது பாட்டும் அப்படித்தான். இதற்காகவா இத்தனை வருஷம் என்று மாமாவைப் பார்த்தேன். அவர் கதவருகே நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தார். கொயர் ஆன்ட்டிகள் ஜெபத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் மடியில் கையை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்கள். அம்மாவின் பாட்டுக்காகத்தானே வந்திருந்தார்கள்.

அது ஆரம்பித்தது. அந்த மெட்டேதான். குரல் மெல்லிசாக, காதோரம் மூச்சு விடுவதுபோல் இருந்தது. கொயரில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற அம்மாவின் குரலை எனக்குத் தெரியாதா?

"அம்மா, இது நீ இல்லையே," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

கொயர் ஆன்ட்டிகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அம்மா தம்பியைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

"நான்தான்டி," என்றாள் அம்மா. "கம்ப்யூட்டர்ல போட்டா குரல் இப்படித்தான் மாறும். இல்லடா?"

"ஆமாக்கா," என்றார் மாமா.

அதன்பிறகு எல்லோருக்கும் பேச்சு வந்துவிட்டது. சின்னப் பொண்ணு பாடுவதுபோல் இருக்கிறதே என்றார்கள். கன்னட ஆன்ட்டி தும்பா சென்னாகிதே, ரொம்ப நல்லா இருக்கு என்று அம்மாவின் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார். பாஸ்டரம்மா மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா எல்லாப் பாராட்டையும் வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள்.

விருந்தினர் போனபின் தண்ணீர் குடிக்க சமையலறைக்குப் போனேன். அங்கே அம்மாவும் மாமாவும் இருந்தார்கள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டேன்ல?"

"சொல்லணும்னுதான்க்கா இருந்தேன்."

"எப்போ?"

ஆல்பம் மோசமாக இருப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். நான் அம்மா கட்சி. "ஆமா மாமா, ஃபர்ஸ்ட் ஆல்பம்தான் நல்லா இருந்துச்சு," என்றேன். மாமா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஆல்பத்தை யாருக்கும் பிடிக்கவில்லை. கேட் அருகே பையன்கள் வந்து நிற்பது நின்றுபோனது. இணையத்தில் ஒருவர் கிழித்து எழுதியிருந்தார். ஆனால் அந்தத் தமிழ்ப் பாட்டின் பெண் குரல்தான் இந்த ஆல்பத்தைக் கேட்க ஒரே காரணம் என்று முடித்திருந்தார். நான் ஓடிப்போய், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். மாமாவை விட நீதான் பெரிய ஆள் என்றேன். அம்மா ம் என்றாள். பள்ளியில் எல்லோரிடமும் போய்ச் சொன்னேன்.

பிறகு பேண்ட் கலைந்தது. மாமா மும்பைக்குப் போய் விளம்பரங்களுக்கு இசை போடுகிறார். நான் கல்லூரிக்குப் போகிற காலத்தில், ஒருநாள் மெட்ரோவில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே பாடியவர் பெயரை போனில் தேடினேன். யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. மெட்டு அமைத்தவர் என்ற இடத்தில் மாமாவின் பெயர். இறங்கியதும் அவரைக் கூப்பிட்டேன். அம்மாவின் குரலில் வயசு தெரிகிறது என்று பாட்டை மிக்ஸ் செய்தவர் சொன்னாராம். பேண்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்களாம்.

"நீங்க?" என்றேன்.

"நானும்தான்," என்றார்.

அம்மாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகான நாட்கள் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. துணி மடிக்கும்போதும் எனக்குத் தலை பின்னும்போதும் பாடிக்கொண்டே இருக்கிற அம்மா பாடுவதை நிறுத்தியிருந்தாள். கொயருக்கும் போகவில்லை. நான் விடவில்லை. அந்தப் பாட்டில் பாடின மாதிரியே ஒரு தடவை பாடு, அந்தக் குரலில் பாடு என்று அவள் பின்னாலேயே அலைந்தேன். தொண்டை சரியில்லை என்றாள். நான் வெந்நீரில் உப்புப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து நீட்டினேன். அம்மா வாங்கிக்கொண்டு சிங்க் அருகே நின்று கொப்பளித்தாள். முழுவதும் முடிகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். மறுநாளும் கொண்டுவந்து கொடுத்தேன்.