காது வரைக்கும் கை

எங்கள் பஞ்சாயத்து போர்டில் எட்டு மெம்பர்கள். நாலு பேர் தலைவர் பக்கம், நாலு பேர் மண்டிக்கார பாய் பக்கம். இரட்டைப்படையில் போர்டு அமைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. எதிரில் வந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து கிழக்கே இரண்டு மைல் எங்கள் ஊர். இப்போது புகைபோக்கிகள் நிற்கிற பக்கமெல்லாம் அப்போது நெல்லும் சவுக்கும்தான். முதல் பொதுத்தேர்தல் முடிந்த வருஷம் அது. நான் ஸ்டேஷன் வாசலில் சோடாக் கடை வைத்திருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனால் ரயிலில் யாராவது விட்டுப் போகிற பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பேன், படித்ததை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். சோடாவுக்கு வந்தவர்களைவிடப் பேச்சுக்கு வந்தவர்கள் அதிகம். அந்த வாய்தான் என்னை மெம்பர் ஆக்கியது. நான் தலைவர் பக்கம்.

சண்டை ஒரு ரோட்டுக்காக. ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு நல்ல ரோடு வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அது தலைவர் நிலத்தை ஒட்டி வந்து என் கடை முன்னால் முடிய வேண்டும் என்றோம் நாங்கள். பாயின் நெல் மண்டியைச் சுற்றி வர வேண்டும் என்றார்கள் அவர்கள். பாய் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். பேச்சு மெதுவாக வரும், ஆனால் வந்து இறங்குகிற இடம் சரியாக இருக்கும்.

கை தூக்கினால் நாலுக்கு நாலு. சமமானால் தீர்மானம் விழுந்தது என்று அர்த்தம். தலைவருக்கு அப்போது இன்னொரு ஓட்டு உண்டென்று நாங்கள், கிடையாதென்று அவர்கள். மேலே எழுதிக் கேட்டோம், பதில் வரவில்லை. ஆகவே ரோடு இல்லை. பொதுக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. தெருவுக்கு விளக்கு இல்லை. தலைவரை இறக்க அவர்களும் தீர்மானம் கொண்டுவந்து பார்த்தார்கள். அதுவும் நாலுக்கு நாலு.

இதில் எனக்கு ஒரு பெருமை வேறு. பிரான்சு தேசத்தில் மந்திரிசபை உட்கார்வதற்குள் எழுந்துவிடுகிறது என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. பட்டணத்துக் கோட்டையிலும் எந்தக் கட்சிக்கும் பாதி தேறாமல் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம போர்டப் பாருங்க, எவனாலயும் அசைக்க முடியல. அத்தினி ஸ்டெடி" என்று கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

"செத்த மாடுந்தான் கீய வுழாம படுத்துக்கினு கீது" என்றார் காளவாய்க்காரர்.

அவர்தான் எங்கள் நாலாவது ஆள். பழவேற்காட்டு ஏரியிலிருந்து வருகிற கிளிஞ்சலைக் காளவாயில் போட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குகிறவர். காளவாய் நின்ற இடம் தலைவருடையது. அவர் எங்கள் பக்கம் இருந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை. நாக்கு மட்டும் யாருக்கும் கட்டுப்படாது. அவர் சொல்வதைக் கேட்கவே அவருக்கு ஓசியில் சோடா உடைத்துக் கொடுப்பேன்.

அந்தக் கார்த்திகையில் அவருக்கு இருமல் பிடித்தது. தையில் துண்டில் ரத்தம் பட்டது. எலும்புருக்கி என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டணத்துக்கு அந்தப் பக்கம் நெஞ்சு நோய்க்கென்று ஓர் ஆஸ்பத்திரி. அங்கே படுக்கை கிடைத்தால் ஆறு மாதம் இருந்து பிழைத்து வரலாம் என்று அவர் வீட்டில் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராத மெம்பரின் பதவி போய்விடும் என்பது எங்கள் போர்டில் நடைமுறை. போர்டே விடுப்புக் கொடுத்தால் போகாது. விடுப்புக்கும் கை தூக்க வேண்டும். நாங்கள் விடுப்புத் தீர்மானம் கொண்டுவந்தோம். நாலுக்கு நாலு, விழுந்தது.

"தலைவர் எறங்கட்டும், அடுத்த நிமிஷம் லீவு குடுக்கறோம்" என்றார் பாய்.

"லீவு குடுக்கட்டும், அப்பறம் எறங்கறத பேசலாம்" என்றார் தலைவர்.

அதோடு எதிர்ப்பக்கத்தார் கையெழுத்துப் போட்டு வாரத்துக்கு ஒரு கூட்டம் கேட்க ஆரம்பித்தார்கள். அவரால் வர முடியாத நாளில் நாங்கள் மூன்று பேரும் போகாமல் இருந்துவிடுவோம்; ஐந்து பேர் சேராவிட்டால் கூட்டம் நடக்காது. ஆனால் மூன்றில் ஒன்றுக்காவது அவரைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். அந்த வேலை எனக்கு. சோடாப் பெட்டி ஏற்றுகிற என் ஒற்றை மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவேன். கூட்டம் அங்கேதான் நடக்கும்.

ஒரு கூட்டத்தில் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த நான் அவர் முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்து மேலே தள்ளினேன்.

பாய் எழுந்தார். "தலைவரே, ஒரு சந்தேகம். இப்ப மேல போச்சே, அது யாரு கை?"

"அவரு கைதான். தோள்ல ஒட்டிக்கினு கீதே, கண்ணு தெரியலயா?" என்றேன்.

"கை அவருது. தூக்கினது நீ. ஒனக்கு மட்டும் எத்தினி ஓட்டு நைனா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு எது தூக்கின கை, எது தூக்காத கை என்று ஒரு மணி நேரம் பேசினோம். மார்பு வரைக்கும் வந்தால் போதும் என்றார் தலைவர். தலைக்கு மேலே போகாவிட்டால் அது சொறிந்துகொள்வதுதான் என்றார் அவர்கள் பக்கத்து ஒருவர். கடைசியில் காது வரைக்கும் என்று முடிந்தது. யாரும் தொடக் கூடாது.

அத்தனை நேரமும் காளவாய்க்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்காருகிற பலகையில் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார். "எங்க, இன்னொரு தபா தூக்கு" என்றார் தலைவர். காளவாய்க்காரர் தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல மெல்ல ஏற்றினார். விரல் காதைத் தொட்டது.

"போதுமா?" என்றார்.

பாய் குனிந்து பார்த்தார். "செல்லும்" என்றார்.

எனக்கும் உறுத்தாமல் இல்லை. லண்டன் பார்லிமெண்டில் ஒரு வழக்கம் உண்டென்று எங்கோ படித்திருந்தேன். இந்தப் பக்கத்து மெம்பர் நோயில் விழுந்தால் அந்தப் பக்கத்திலும் ஒருவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொள்வாராம். அதன்படி, இவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறவரை மூன்று கூட்டத்துக்கு ஒரு தடவை விடுப்பைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டு, அவர்களில் ஒருவர் ஓட்டுப் போடாமல் இருந்தால் மூன்றுக்கு மூன்று, யாருக்கும் நஷ்டமில்லை. பாய் சோடா குடிக்க வந்தபோது சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் ஒத்துக்கறேன். ஒங்க தலைவரும் ஒத்துக்கினாருன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லு."

தலைவரிடம் ஓடினேன். அவர் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதிக் குடுத்தா, அவங்க தயவுல ஒக்காந்துக்கினு கீறேன்னு ஊரே சொல்லும். வெள்ளக்காரன் வாக்கு குடுப்பான், நம்புவான். இங்க எவன் எவன நம்பறான்? நீ பேப்பர் படிக்கறத கொஞ்சம் கொறைச்சிக்கோ" என்றார். இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரோடு ஒன் கட வாசல்ல முடியணுமா, வோணாமா?"

நான் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். பேச்சுக்குப் பேர்போன ஆள் நான்.

மாசி முடிவில் காளவாய்க்காரருக்கு ஆஸ்பத்திரி கார்டு வந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லி அவர் சம்சாரம் கடைக்கு எடுத்துவந்தாள். வருகிற திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வர வேண்டும், தவறினால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும் என்று இருந்தது. சந்தோஷத்தில் நான் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தேன். பாய் மண்டியில் மூட்டை தைக்கிற ஆள் ஒருவன் அங்கே நின்று சோடா குடித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கத்தான் செய்தேன்.

மறுநாள் நோட்டீஸ் வந்தது. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டம்; தலைவர் மேல் நம்பிக்கை இல்லை என்று தீர்மானம். அதற்கு முந்தைய இரண்டு கூட்டத்துக்கும் காளவாய்க்காரர் வந்திருக்கவில்லை. அது மூன்றாவது.

அவள் மறுபடியும் வந்தாள். "ஏண்ணே, கார்டு எங்க ஊட்டுக்குத்தானே வந்துது? அவங்களுக்கு நாளு எப்பிடித் தெரிஞ்சிது?"

"ஊரு வாயம்மா" என்றேன்.

"கூட்டத்துக்கு வோணாண்ணே. மெம்பரு போனா போவட்டும். அவரு இருந்தா போதும்."

"மெம்பரு போனா தலைவரும் போயிடுவாரு. அப்பறம் காளவா யாரு எடத்துல நிக்கும்? பத்து நிமிஷ வேல. கையத் தூக்கினதும் என் வண்டிலயே ஏத்திக்கினு போய் ஒரு மணி ரயில்ல வுட்டுடறேன். நான் பொறுப்பு" என்றேன்.

திங்கட்கிழமை கிளம்பத் தயாராகத்தான் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தகரப் பெட்டி ஒன்று வண்டியிலேயே இருந்தது. அவள் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். பதினோரு மணிக்கு பாய் கடைசியாக நடந்த கூட்டத்து நடவடிக்கையை முழுக்கப் படிக்கச் சொன்னார். படித்தோம். எங்கள் தலைவர் தன் ஆட்சியின் நன்மைகளைப் பற்றிப் பேச எழுந்தார். ரோடும் விளக்கும் இல்லாத ஊரில் நன்மையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது லேசில்லை, அவர் பேசினார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டிவிட்டது. காளவாய்க்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீர்மானத்த ஆதரிக்கிறவங்க?" என்று கேட்டார்கள். அவர்கள் நாலு கை எழுந்தன. ஐந்தாவதாக அவர் கை எழுந்தது. பிடித்துக்கொள்ளவில்லை, தாங்கிக்கொள்ளவில்லை, விறுவிறுவென்று காதுக்கும் மேலே போய் நின்றது.



"முடிஞ்சிதில்ல?" என்றார் அவர். "ஒங்க பேஜார வுட்டா நான் ரயிலுக்குப் போவேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். ஏதாவது உத்தரவு போட்டிருந்தால் அவர் மேல் பழி போட எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் வெளியே போய், வண்டியிலிருந்த தகரப் பெட்டியைத் தூக்கி வாசற்படியில் வைத்தேன்.

"இன்னாண்ணே?" என்றாள் அவள்.

"பாய்க்குத்தான கை தூக்கினாரு? பாய் வண்டில போவச் சொல்லு."

உள்ளே பாய்க்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலிலிருந்து கத்திக் கேட்டாள். "வண்டி மூட்ட ஏத்தப் போயிருக்கும்மா. வந்ததும் அனுப்பறேன்" என்றார் அவர். அது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இனி அவருக்கும் அந்தக் கை தேவையில்லை. காளவாய்க்காரர் பட்டணத்தில் படுத்தாலும் நாலுக்கு மூன்று, பாய்தான்.

நான் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து கடையைத் திறந்தேன். அதே பாதைதான், அதே நேரம்தான். ஒரு மணி வண்டி வந்து நின்று போனது. அதற்கும் அரை மணி கழித்து, கிளிஞ்சல் தள்ளுகிற கைவண்டியில் அவரைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். முந்தானையெல்லாம் சுண்ணாம்பு. அவர் கண்ணை மூடியிருந்தார்.

"அடுத்த வண்டி எப்போண்ணே?"

அந்த ஸ்டேஷனில் நிற்கிற ஒவ்வொரு வண்டியும் எத்தனை மணிக்கு வரும் என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"ஸ்டேஷன்ல கேளு" என்றேன்.

நாலு மணி வண்டியில் ஏறினார்கள். போய்ச் சேரும்போது படுக்கையில் வேறு ஆள் இருந்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் தப்பில்லை; கார்டில் எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள். திரும்பி வந்த பதினோராம் நாள் அவர் போய்விட்டார்.

பாய் தலைவரானார். ரோடு மண்டியைச் சுற்றி வந்தது, நல்ல ரோடு. கிணற்றுக்குச் சுவர் வந்தது, தெருவுக்கு விளக்கு வந்தது. ஐந்து வருஷம் அவரை யாரும் அசைக்கவில்லை.

அவர் தலைமையில் நடந்த முதல் கூட்டத்தில் இறந்துபோன மெம்பருக்கு அனுதாபத் தீர்மானம் வந்தது. ஏழு பேரும் எழுந்து நின்றோம். ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் போர்டில் அப்படி நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். நகலைக் குடும்பத்தாரிடம் சேர்க்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வாய் இருக்கிறவன் போனால்தான் சரி என்றார்கள்.

அவள் காளவாய் ஓரத்தில் சுண்ணாம்பு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையை நிறுத்தவில்லை.

"இன்னா எழுதிக்கீது?"

படித்தேன். ஊருக்கு அவர் செய்த தொண்டு, ஈடு செய்ய முடியாத இழப்பு என்றெல்லாம் இருந்தது. நான்தான் எழுதியிருந்தேன்.

"எல்லாரும் ஒத்துக்கினீங்களா?"

"எல்லாரும்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தாம்மா. ஒருத்தர் வுடாம."

"அப்ப ஒங்களால முடியுது" என்றாள். கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி, சலித்த சுண்ணாம்பின் மேல் தூசி விழாமல் மூடினாள்.