ரப்பர் வைத்து இறுக்கிய பேட்டரி

சஜு அண்ணனுக்கு நம்பிக்கை இரண்டின் மேல்தான். ஒன்று கர்த்தர், இன்னொன்று ரப்பர். இரண்டில் எது முதலில் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

பாறசாலைக்குக் கிழக்கே, என் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. அம்பூரியில் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. காலையிலேயே போய்ப் பால் வெட்டிவிட்டு வந்தால் மீதிப் பகலெல்லாம் ஊர் ஆட்டத்தை நிறுத்துவதுதான் வேலை. நாற்காலிக் கால் ஆடினால் அடியில் ரப்பர் வைப்பார். குழாய் ஒழுகினால் பழைய டயர் டியூபை வெட்டிச் சுற்றுவார். சபையில் மைக் ஸ்டாண்டு கழுத்தொடிந்து தொங்கியபோது அதற்கும் ஒரு கட்டுப் போட்டார். போதகர் பிரசங்கத்துக்கு நடுவிலேயே நன்றி சொல்லிவிட்டார். அதன் பிறகு மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. கூப்பிடாமலே என் வீட்டுக்கு வந்து கதவை ஆட்டிப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் மனைவி ஷிஜா மைனி நர்ஸ். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. போனால் இரண்டு வருடத்துக்கு வர முடியாது. மகன் எபின் பெங்களூரில் படிக்கிறான். வீட்டில் மிஞ்சப் போவது சஜு அண்ணனும் ஒரு சாக்கு டியூப் துண்டும்தான். போக வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார்.

"எனக்க கெட்டினவள ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டு விடுவேன். டாக்சிக்காரனா கெட்டினான்?" என்றார்.

போகிற நாள் காலையில் ஜெபம் முடிந்தது. பெட்டிகளை ஏற்றியாயிற்று. திரும்பி வரும்போது அண்ணன் ஒற்றைக்கு வரக்கூடாது என்று என்னையும் பின் சீட்டில், இரண்டு பைகளுக்கு நடுவே திணித்தார்கள். அவர் சாவியைத் திருப்பினார்.

டக்.

மறுபடி திருப்பினார். மறுபடி டக். அவ்வளவுதான், எஞ்சின் அசையவே இல்லை.

வண்டி கிளம்பாத வீடும் சாவு வீடும் ஒன்று, ஆளுக்கு அழைப்பு தேவையில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பொன்னையன் மாமா முதலில் வந்தார்.

"பேட்டரி தீந்து போச்சாக்கும்" என்றார், வண்டியைத் தொடாமலே.

சஜு அண்ணன் ஹாரனை அழுத்தினார். மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தது.

"அப்போ பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல. பெட்ரோல் உண்டாடே?"

"புல் டேங்கு உண்டு மாமா."

"தள்ளிப் பாப்போமா?"

தள்ளலாம். ஆனால் வீடு பள்ளத்தில், ரோடு மேட்டில். இரண்டு யானை வேண்டும். ஷிஜா மைனி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க. கொஞ்ச நேரம் பாப்பேன். இல்லேண்ணா பினுவுக்க பிக்கப்பில ஏறிப் போயிருவேன்."

"அதுலயா? அவன் வாழைக்குலை ஏத்துத வண்டியாக்கும் அது!"

"குலையும் நானுமாப் போறோம். பிளேன் நிக்காது."

சஜு அண்ணன் முகம் செத்துப்போனது. இதற்காகவே வாங்கிய வண்டி. மைனி போன் போட்டதும் பக்கத்துத் தெருப் பையன் பினு பிக்கப்போடு வந்து சேர்ந்தான். சும்மா சொல்லக்கூடாது, பையன் நிதானமாகப் பார்த்தான்.

"லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புங்கண்ணா."

திருப்பினார். டக் என்றது, லைட்டு அவிந்துபோய்த் திரும்ப எரிந்தது. பினு தன் வண்டி பேட்டரியிலிருந்து வயர் இழுத்து இந்த பேட்டரியின் இரண்டு முனையிலும் கொடுத்தான். அப்போதும் டக்.

"ரெண்டு பேட்டரி சேந்தும் எடுக்கேல. கரண்டு உண்டு, ஆனா உள்ள போவேல" என்று சொன்னபடி பேட்டரி முனையைப் பிடித்திருந்த வளையத்தைத் தொட்டான். "அய்யோ!" என்று விரலை உதறினான். "பொள்ளிப்போச்சு! இதாக்கும் இடம்."

வளையத்தைக் கழற்றினான். முனைக்கும் வளையத்துக்கும் நடுவே, அளவெடுத்து வெட்டிய கறுப்பு டியூப் துண்டு ஒன்று அழகாகச் சுற்றியிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் வளையம் முனையை லேசாகத் தொட்டது; ஹாரனுக்கு அது போதும், எஞ்சினுக்குப் போதாது.

எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்தோம். பல்பு மாட்டும்போது ரப்பர் செருப்பு போடாமல் ஸ்டூலில் ஏறாத மனுஷன் இவர். ரப்பரில் கரண்டு போகாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவர். தன் முதுகு தனக்குத் தெரியுமா?

"நேத்து சாயங்காலம் பாத்தேன், கெடந்து ஆடிச்சு" என்றார், குரல் எழும்பாமல். "வழியில களண்டுச்சுண்ணா இவளுக்கு பிளேன் போயிரும்லா? அதாக்கும் வச்சேன்."

பொன்னையன் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எலே மக்கா, பெண்டாட்டியப் போவ விடாம இருக்க இப்பிடியும் ஒரு வித்த உண்டா!"

முற்றமே சிரித்தது. நானும்தான். ஷிஜா மைனி மட்டும் சிரிக்கவில்லை.

பினு முனையைச் சுரண்டி, வளையத்தை ஸ்பேனர் வைத்து முறுக்கினான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். மைனி ஏறிக் கதவைச் சாத்தினாள். எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"நேராப் பறயுங்க" என்றாள் மைனி, மெதுவாக. "நான் போவாண்டாம்ணு உண்டா?"

அண்ணன் பின்கண்ணாடியை ஒரு தடவை சரிசெய்தார். பிறகு கேட்டார். "சொன்னா நிப்பியா?"

"நிப்பேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது பின்னால் இருந்த எனக்கே தெரிந்தது. சொல்லித் தொலையும் ஓய் என்று கத்த வேண்டும் போலிருந்தது. வெளியே பினு, "ஏத்துங்கண்ணா, ஏத்துங்க!" என்று கையை வீசிக்கொண்டிருந்தான்.

"சீட் பெல்டப் போடு" என்று சொல்லிவிட்டு, சஜு அண்ணன் வண்டியை மேட்டில் ஏற்றினார்.