எண் போட்ட வேர்க்கடலை

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. இருபது வருடமாக நூலிழை பிசகாமல் அளந்து பழகிய கண். அந்தக் குளிர்காலத்தில் வாசற்படியில் உறைந்திருந்த பனியில் சறுக்கி விழுந்தாள். காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் வீட்டைவிட்டு அசையக் கூடாது என்றார் டாக்டர்.

பேருந்து ஓட்டும் கணவன் காலையில் கிளம்பியதும் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். பின்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளித்திட்டில் கொஞ்சம் தானியமும் தோல் உரிக்காத வேர்க்கடலையும் வைத்தாள். சிட்டுக்குருவிகள் அங்கேயே கொத்தித் தின்றன. ஓர் அணில் மட்டும் எதையும் தின்னாமல் ஒவ்வொரு கடலையாகக் கவ்விக்கொண்டு போனது. ஒரே காலையில் பதினான்கு நடை. இத்தனையும் எங்கே போகிறது?

லென்ஸில் புள்ளி வைக்கும் பேனா கைப்பையில் இருந்தது. கடலைகளின் மேல் ஒன்று, இரண்டு என்று எண் எழுதினாள்.

"கடலைக்கு நம்பர் போடற ஆள இப்பதான் பாக்கறேன்," என்றான் கணவன்.

"வேலியோரம் மூணாவது கம்பத்துக்கிட்ட கிளறிப் பாருங்க. அங்கதான் புதைச்சுது, என் கண்ணால பார்த்தேன்."

கிளறினான். சருகும் பனியும்தான். மறுநாள் வேறிடம் காட்டினாள். அங்கும் வெறுங்குழி.

"உன் கண்ண நம்பி ஊரே கண்ணாடி போட்டுட்டு நடக்குது," என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவனுடைய விடுமுறை நாளில் பிடிவாதமாகப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அணில் வேலியோரம் குழி பறித்தது, தலையை உள்ளே நுழைத்தது, சருகைத் தள்ளி மூடி முன்காலால் தட்டியும் விட்டது. திரும்பியபோது கடலை வாயிலேயே இருந்தது. கூரையிலிருந்து இறங்கிய காகம் குழியைக் கிளறிவிட்டுத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. அதற்குள் அணில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், வெறும் வாயோடு வெளியே வந்தது.

"பாத்தீங்களா, காக்காவுக்குப் போக்கு காட்டுது."

"காக்காவுக்கு மட்டுமா? என்னையும்ல ரெண்டு நாள் குழி தோண்ட வச்சிருக்கு," என்றான் அவன், நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு.

கட்டுப் பிரித்ததும் ஊன்றுகோலோடு தொட்டிக்குப் பின்னால் போய்க் கிளறிப் பார்த்தாள். ஆறு, பதினொன்று, பத்தொன்பது. மற்றவை எங்கே போயினவோ, கடைசிவரை தெரியவில்லை. கிடைத்த மூன்றையும் அதே இடத்தில் புதைத்துவிட்டு வந்தாள்.

வேலைக்குத் திரும்பிய வாரம், ஒரு பெரியவருக்குக் கண்ணாடியை மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லீவில் வீட்டிலிருந்த கணவன்தான்.

"இன்னைக்கு ரெண்டு அணில் வந்திருக்கு. எது நம்மளுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"வால நல்லாப் பாருங்க. ஏதாவது வித்தியாசம் இருக்கும், எழுதி வைங்க. குழி தோண்டினா வாயத் தொறக்குதான்னும் பாருங்க."

போனை வைத்தாள். கண்ணாடி மூக்கின்மேல் கோணலாக நிற்க, பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அணில் எதுக்கும்மா வாயத் தொறக்கணும்?" என்றார்.