பெலிகனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்

“கூலியும் இல்லாம பறவ பீ அள்றதுக்காடி உன்ன படிக்க வெச்சேன்? இன்னா வெட்டி வேல இது?”

ஆஸ்திரேலியாவில் நான் ஞாயிறுதோறும் பறவைக் காப்பகத்துக்குப் போவதைச் சொன்னதும் அம்மா போனில் கேட்டது இது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படி மிதித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளி பிடுங்கியே கை காய்த்துப்போன அம்மாவுக்கு, கூலி வாங்காமல் வேலை செய்வது மானக்கேடு. இங்கே அதற்கு வாலண்டியர் என்று பெயர். நெஞ்சில் அட்டை குத்திக்கொண்டு செய்கிறார்கள்.

போன ஞாயிறு என் பொறுப்பில் ஒரு பெலிகன். நம் கூழைக்கடாவின் இனம். தூண்டில் நரம்பு அதன் இறக்கையை அறுத்திருந்தது. காயத்தில் போட்ட கட்டைக் கொத்திப் பிரித்துவிடும் என்பதால் யாராவது எதிரிலேயே உட்கார்ந்து கவனிக்க வேண்டும். வாளித் தண்ணீரில் போட்டு வைத்த மீனை அது தொடவே இல்லை. தொண்டையில் திணித்ததையும் கக்கிவிட்டது. இன்றும் தானாகத் தின்னாவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்றார் பொறுப்பாளர் ஹெலன்.

மஞ்சள் வளையமிட்ட கண்ணால் அது என்னையே பார்த்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. காட்டு வேலையில் மதியம் தூக்குவாளியைத் திறந்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சிறுமியாக நான் வேடிக்கை பார்த்தால் அம்மாவின் குட்டு விழும். “துன்றவங்க வாயப் பாக்காத. உள்ள எறங்காது.”

திரும்பி உட்கார்ந்தேன். கட்டைக் கவனிக்க, அணைந்த போனைக் கண்ணாடிபோலப் பிடித்துக்கொண்டேன்.

“சலித்துவிட்டதா?” என்று கேட்டார் அங்கே வந்த ஹெலன்.

“இல்லை, இது மரியாதை.”

“யாருக்கு?”

“சாப்பிடப் போகிறவருக்கு.”

எனக்கு ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்திருப்பார். “சாயங்காலம் மருத்துவர் வருவார்” என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கையிலிருந்த போன் ஒளிர்ந்தது. வீடியோவில் அம்மா.

“பின்னால இன்னாடி அது, எம்மாம் பெருசு!”

“அதாம்மா என் வேல. துன்னவே மாட்டேங்குது. துன்னலன்னா கொன்னுடுவாங்க.”

அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். “நீ இன்னாத்துக்கு அதும் எதுருல போன காட்டிக்கினு கீற? இரு, நானும் பாக்கல.”

திரையில் இப்போது அம்மாவின் கொண்டை மட்டும். கள்ளக்குறிச்சியில் அவள் முதுகு, இங்கே என் முதுகு. நடுவில் அந்தப் பறவைக்குப் பந்தி.

பின்னால் வாளித் தண்ணீர் சளப்பென்றது. மறுபடியும்.

“துன்னுதா?” அம்மா திரும்பாமலே கேட்டாள்.

“துன்னுதும்மா.”

“நீ துன்னியா?”

ஹெலனிடம் சனிக்கிழமைகளுக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் போய்ச் சாப்பிட்டேன்.