லிஃப்டில் முந்தி ஏறிய வாசம்

நுரையக்காவுக்குத் தாடியும் கிடையாது, மீசையும் கிடையாது. ஆனாலும் சவர சோப்பைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் தெருநாய்கூட உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போகும். பகலெல்லாம் அவளுக்குச் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை. அவள் இதுவரை தைத்த காலர்களை எல்லாம் ஒட்டினால் நிலாவுக்கே ஒரு சட்டை தைக்கலாம், கை மட்டும் கொஞ்சம் குட்டையாக இருக்கும்.

அவள் புருஷன் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்காரர். முதன்முதலில் அவரைப் பார்த்ததே அந்த லிஃப்டுக்குள்தான். "எந்த மாடிங்க?" என்று கேட்டுச் சிரித்தார். இடது கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. அந்தக் குழிக்குள் விழுந்தவள்தான், இன்னும் ஏறி வரவில்லை.

கல்யாணமான புதிதில் கடையில் வாங்கிய சவர நுரையைப் போட்டுப் போட்டு அவர் கன்னம் தடித்துச் சிவந்து, ஆசை ஆசையாய்ப் பார்த்த குழி தூர்ந்தே போனது. நுரையக்கா பொறுப்பாளா? பக்கத்து மெஷின்காரியிடம் சோப்புக் காய்ச்சும் விதம் கேட்டுக்கொண்டு, தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் ஊற்றி, கையுறை மாட்டிச் சோப்புக் காரம் கரைத்துச் சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் கிண்டு கிண்டு என்று கிண்டினாள். நுரை அப்படி வந்தது! தடிப்பு அடங்கியது, குழி திரும்பி வந்தது. ஒரே ஒரு குறை. சவரம் செய்துவிட்டு வந்தால் மனுஷன் எண்ணெய்ச் சட்டிக்குள் முகம் கழுவியதுபோல மணந்தார்.

அதனால்தான் வாசம் சேர்க்க ஆரம்பித்தாள். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

எலுமிச்சை எண்ணெய் சேர்த்தாள். "என்ன, பாத்திரம் தேய்ச்சிட்டு நேரா வேலைக்கு வந்துட்டீங்களா?" என்று லிஃப்டில் கேட்டார்கள். காபி வாசம் சேர்த்தாள். மூன்றாம் மாடிக்காரர் ஏறியதும், "எனக்குச் சர்க்கரை கம்மியா" என்றார். புதினா போட்ட அன்று லிஃப்ட்காரருக்குப் பல் கிட்டித்துப்போய் மாடி நம்பரையே சொல்ல முடியவில்லை. கிராம்பு போட்ட அன்று கன்னம் எரிந்த எரிச்சலில் அடுப்பே இல்லாமல் சோறு பொங்கியிருக்கலாம்.

அத்தோடு விட்டிருக்கலாம். எது நல்லது என்று தெரியாமல் இடது கன்னத்துக்கு ரோஜா, வலது கன்னத்துக்கு ஏலக்காய் என்று பிரித்துப் பூசி அனுப்பினாள். இந்தப் பக்கம் நின்றவர்கள், "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் நின்றவர்களுக்குப் பசி எடுத்தது. எட்டாம் மாடி மேனேஜர் கதவு வரை வந்து, மூக்கை உறிஞ்சி, "டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கார்" என்று படியேறிப் போய்விட்டார். எழுபது கிலோ தொப்பையைத் தூக்கிக்கொண்டு எட்டு மாடி!

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் வந்ததும் வராததுமாக ரேசரை எடுத்து அலமாரி மேல் வீசினார்.

"இனிமே தாடிதான்."

நுரையக்கா ரேசரை எடுக்க அலமாரி மேல் எட்டினாள். "என்னங்க இது? தாடி வச்சா குழி மூடிப்போயிடுமே!"

"மூடட்டும். என் மூஞ்சி என்ன உனக்குப் பலகையா, எழுதி எழுதி அழிக்க?"

நாளுக்கு நாள் முள் முள்ளாகக் குழி மேல் வேலி வளர்ந்தது. அவர் சிரித்தாலும் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. அதே வீட்டில் இருந்த நாத்தனார்க்காரி, வாய் என்றால் வாய், அண்ணனிடம் பஞ்சாயத்துக்குப் போனாள்.

"அண்ணே, அண்ணி மூணு நாளா சரியா சாப்பிடல. காலரை எல்லாம் தலைகீழாத் தைக்குதாம். ஒரே ஒரு வாய்ப்புக் குடுண்ணே. இல்லன்னா ஊர்ல இருக்கிற ஆம்பளை எல்லாம் அந்தக் காலரைப் போட்டுக்கிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுதான் திரியணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு வாசம் புடிக்காதுன்னா சொன்னேன்? என் வாசம் எனக்கு முந்தி லிஃப்டுல ஏறக் கூடாது. அவ்வளவுதான். நாளைக்குச் செய்யச் சொல்லு. அதுதான் கடைசி."

மறுநாள் விடுமுறை. மழை வேறு கொட்டியது. நுரையக்கா ஆரஞ்சுத் தோல் எண்ணெய்க் குப்பி ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். வாசம் சேர்ப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. சோப்பு வெந்து கூழானதும் இறக்கி, பாத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, கை தாங்குகிற சூடு வந்த பிறகுதான் எண்ணெயை ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஊற்றினால் வாசம் ஆவியாகக் கிளம்பிப் போய்விடும்.

அவள் கை வைத்துப் பார்க்கக் குனிந்த நேரத்தில்தான் நாத்தனார், மழையில் நனையாமல் காப்பாற்றிய துணிகளை அடுப்படிக் கொடியில் போட்டுக்கொண்டே கத்தினாள்: "அண்ணி, அண்ணன் கண்ணாடி முன்னாடி நின்னு தாடியைச் சீவிப் பாக்குது!"

நுரையக்கா வெடுக்கென்று திரும்பினாள். கையிலிருந்த குப்பி அப்படியே கொதிக்கிற பாத்திரத்துக்குள் கவிழ்ந்தது.

புஸ்ஸென்று ஒரு ஆவி. அடுப்படி மணந்தது, கொடி மணந்தது, கொடியில் தொங்கிய சட்டை மணந்தது. தெருக்கோடியில் போன பழ வண்டிக்காரர் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்திருப்பார். சோப்பை மோந்தால் ஒன்றுமில்லை. குப்பியிலும் ஒரு சொட்டு இல்லை. பழைய எண்ணெய் வாடைகூட அடங்கி, தண்ணீர்போல வெறுமனே இருந்தது.

"போச்சு," என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் அவர் அந்த சோப்பைப் போட்டுச் சவரம் செய்தார். கொடியிலிருந்த சீருடைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று நுரையக்கா கம்பெனியில் ஒரு காலரை மேஜை விரிப்போடு சேர்த்துத் தைத்தாள்.

சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம். நுரையக்கா கதவைத் திறந்தாள். எதிரே குழி நின்றது. அதைச் சுற்றி அவரும் நின்றார்.

"மேனேஜர் இன்னைக்கு லிஃப்டுல வந்தாரு. எட்டாவது மாடி வந்துச்சு, இறங்கல. 'ஒரு தடவை கீழ போயிட்டு வரலாமா'ன்னு கேக்குறாரு!"

"நிஜமாவா?"

"இதுதான் வாசம்! சும்மா நின்னா ஒண்ணுமே தெரியல. பட்டனை அமுக்கக் கையத் தூக்கினா மட்டும் லேசா ஒரு ஆரஞ்சு. சோப்புன்னா இது சோப்பு!"

கையைத் தூக்கினால் மட்டுமா? நுரையக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் அண்ணன் சட்டையைப் பார்த்தாள். "அண்ணே, அது சோப்..." என்று வாயைத் திறந்தவளின் இடுப்பில் விழுந்தது ஒரு கிள்ளு. கன்றிப்போன அந்த இடத்தில் இன்னும் ஒரு குட்டி லிஃப்ட் ஏறி இறங்குவதாக அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதற்கப்புறம் சோப்புக் காய்ச்சுகிற ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டில் இதே கூத்துத்தான். வெயில் கொளுத்தினாலும் சட்டைகள் அடுப்படிக்கு வந்துவிடும்.

"அண்ணி, பாத்திரம் இன்னும் கொதிக்குது. இப்ப ஊத்தினா சோப்புல வாசம் நிக்காது."

"தெரியும்டி. நீ முதல்ல அந்தச் சட்டையக் கொஞ்சம் கிட்ட நகர்த்து."