என்னைத் தூக்கிய மனிதரின் ஊருக்கு

காலை எட்டரை மணிக்கு ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். கிணற்று மோட்டார் எங்கே புகைந்தாலும் கூப்பிடுவார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு போவேன். அதனால் இந்த ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும். மேற்கே இவ்வளவு மலை இருப்பது மட்டும் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பைக்கில் போகிறவனுக்கு மலையைப் பார்க்க ஏது நேரம்?

பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா என் தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். தையல் பிரித்த இடத்தில் இன்னும் முடி வளரவில்லை.

"என்னண்ணே, தலையில அடியா?"

"ஆமாம்மா. பைக்ல போகையில விழுந்துட்டேன்."

"எவன் இடிச்சான்?"

"யாரும் இடிக்கலம்மா. நானாத்தான் விழுந்தேன்."

"அது எப்படிண்ணே நாமளா விழுவோம்?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏதோ பெரிய இடத்து ஆளை நான் காட்டிக்கொடுக்காமல் மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விழுந்தேன் என்று சொன்னால் நம்புகிற ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தை மாதக் கடைசியில் வன்னியம்பட்டி பக்கம் ஒரு தோட்டத்து மோட்டாரைப் பார்க்கப் போனேன். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் சவாரி செய்தது. ரோட்டில் மஞ்சளாக எதையோ பார்த்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, ஆஸ்பத்திரி விட்டத்து மின்விசிறி. நடுவில் ஒன்றுமில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே ரத்தக் கசிவு இல்லை, மூளைக்குச் சின்ன அதிர்ச்சிதான், அந்த நேரத்து நினைவு திரும்பாமலே போகலாம் என்றார். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தறியில் நெய்கிற பேண்டேஜ் துணியையே என் தலையில் சுற்றி அனுப்பினார்கள். வீட்டில் பல நாள் வெளிச்சம் ஆகவில்லை, டிவி சத்தம் ஆகவில்லை, எழுந்து நின்றால் தலை கிறுகிறுத்தது. 'ஸ்பேனரை எடு' என்று சொல்ல வாய் திறப்பேன், ஸ்பேனர் என்ற சொல் வராது. வாயை விற்றே பாதித் தொழில் செய்தவனுக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படிப் படுத்திருந்தபோதுதான் என் மனைவியின் தம்பி மாரி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து தன் பெருமையைச் சொன்னான். "ஒரே அறை, அத்தான்! செவுட்டுல விட்டேன் பாருங்க, சுருண்டுட்டான்."

அறை வாங்கியவர் தங்கப்பாண்டி. வன்னியம்பட்டிக்காரர், லோடு ஆட்டோ டிரைவர். தேங்காய் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு என்னை ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். என் செல்போனில் மாரியின் நம்பரைக் கண்டுபிடித்துத் தகவல் சொல்லி, ஆள் வரும்வரை காத்திருந்தவரும் அவரே. மாரி வந்து பார்த்தபோது அரை மயக்கத்தில் நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தேனாம். அது போதாதா? இடித்தவனை அத்தான் பிடித்து வைத்திருக்கிறார் என்று மாரி முடிவு கட்டிவிட்டான். ஸ்டேஷனில் புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டான்.

"அவரு இடிச்சத நீ பாத்தியாடா?" என்று கேட்டேன்.

"இடிச்சவந்தான அத்தான் தூக்கிட்டு வருவான்? சும்மா போறவன் எவன் நிப்பான்?" என்றான். தையல் பிரித்ததும் அந்த மனிதரைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, பால்கோவா வாசனையைத் தாண்டி நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்தேன். இருபது ரூபாய். விழுந்த இடத்தில் இறங்கிக்கொண்டேன். இன்றைக்கும் பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல் வரிசை. களம் இல்லாத ஊரில் அரசாங்கம் போட்ட தார்தான் களம். காலால் சோளத்தைக் கிளறிவிட்டபடி நின்ற பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதான, எங்க சோளத்துல சறுக்கி விழுந்தவரு? அம்புட்டும் ரத்தமாகி, அள்ளிக் கொட்டுனோம்."

"அப்ப அந்த லோடு ஆட்டோ எங்கம்மா இருந்துச்சு?"

"அது செத்த நேரம் கழிச்சுல்லா வந்துச்சு. பாவம், ஒத்தை ஆளா ஒங்கள தூக்கினாரு."

"இத ஸ்டேஷன்ல வந்து சொல்லுவியாம்மா?"

அவர் கால் நின்றது. "நல்லாருக்கே! பொறவு எதுக்கு ரோட்டுல காயப் போட்டேன்னு எங்களப் புடிக்கவா? நான் ஒண்ணையும் பாக்கல, போங்கண்ணே."

தங்கப்பாண்டியின் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். அவர் மனைவி ராமலட்சுமி வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். யாரென்று சொன்னதும் முகம் மாறியது.

"வாங்க. தண்ணி தரலாமா, இல்ல அதுக்கும் கேஸ் வருமா?"

நின்றபடியே குடித்துவிட்டு வாசல் கட்டிலில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து வந்த தங்கப்பாண்டி எனக்கு வலது பக்கமாக உட்கார்ந்தார். பிறகு எழுந்து இடது பக்கம் வந்தார். என் பக்கம் திருப்பிய அந்த ஒரு காதுதான் இப்போது கேட்கிறதாம். மற்றதில் ஜவ்வு கிழிந்துவிட்டது. என் மண்டைக்குள் ஒரு சொட்டு ரத்தம் கசியவில்லை, அவர் காதில் வழிந்திருக்கிறது.

"தலைவலி நின்னுருச்சா அண்ணாச்சி?" என்றுதான் முதலில் கேட்டார்.

"அவருக்கு நின்னுருச்சு. ஒமக்கு?" என்றார் ராமலட்சுமி. "கேஸ் முடியாம ஓனர் சாவி தர மாட்டேங்காரு. வேற எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டேங்கான். ஆள இடிச்ச டிரைவராம்! இவரு இடிச்சாராய்யா? ஒங்க வாயால சொல்லுங்க."

"எனக்கு நினைவில்லம்மா. ஆனா சோளத்துலதான் சறுக்குனேன், இவரு பொறவுதான் வந்தாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இப்பவே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுவேன்."

பதினொன்றரைக்கு நானும் தங்கப்பாண்டியும் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தோம். அங்கிருந்த ஏட்டு பொறுமையாகத்தான் கேட்டார். நான் சொல்லி முடித்ததும், "ஒங்க மச்சினன் இப்பத்தான் போன் பண்ணாரு. ஒங்களுக்கு அடிபட்டதுல இருந்து பேச்சு முன்னப் பின்ன இருக்காமே?" என்றார்.

வீட்டில் என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அது தம்பிக்குப் போகாமல் இருக்குமா?

"எனக்கு நினைவில்லன்னு நீங்களே டாக்டர்ட்ட சொல்லியிருக்கீங்க. இப்ப இவரு இடிக்கலன்னு எத வச்சுச் சொல்றீங்க?"

"விழுந்த இடத்துல இருக்கிறவங்க சொன்னாங்க."

"அவங்கள வரச் சொல்லுங்க."

"வர மாட்டாங்க சார்."

ஏட்டு பேனாவை மூடினார். சொன்னதை எழுதிக்கொள்கிறேன், ஆனால் நீங்கள் தெளிவாக இருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். சட்டம் அப்படி இருக்கலாம். இடத்தையே பார்க்காத மாரி சொன்னபோது அவன் மண்டைக்குச் சர்டிபிகேட் தேவைப்படவில்லை. விழுந்தவன் சொன்னால் தேவைப்படுகிறது.

வெளியே வெயில் கொளுத்தியது. பேருந்து நிலையம்வரை தங்கப்பாண்டி கூடவே நடந்தார், கேட்கிற காதை என் பக்கம் வைத்துக்கொண்டு.

"அடுத்த வாரம் சர்டிபிகேட்டோட வாரேன் தம்பி."

"வாங்க அண்ணாச்சி."

"ஒங்களுக்கு என் மேல கோபமில்லையா?"

"ஒங்க மேல இல்ல. அன்னைக்கு எனக்கு முன்னால நாலஞ்சு வண்டி ஒங்களச் சுத்தி வளைச்சுப் போச்சு. அவிய எல்லாம் கிறுக்கனுவன்னு அப்ப நெனச்சேன்."

ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. முதல் படியில் கால் வைத்தேன். இன்னும் விட்டுப்போகாத அந்தக் கிறுகிறுப்பு வந்து, கை கம்பியைத் தவறவிட்டது. தங்கப்பாண்டி சட்டென்று முன்னால் பாய்ந்தார். அவர் விரல்கள் என் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றுவிட்டன. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து எல்லோருக்கும் தெரியும்படி காட்டிக்கொண்டு, கண்டக்டரைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"நான் தொடல சார். அவராத்தான் ஏறுதாரு."